எண்ணெய் மன்னரின் எள்ளுப் பேத்தி

நியூயார்க் நகரம். 2014-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி. திங்கட்கிழமை.

மறுநாள் ஐக்கிய நாடுகள் சபையில் உலகத் தலைவர்கள் கூட இருந்தார்கள். பூமி நாளுக்கு நாள் சூடேறி வருகிறதே, அதைத் தடுக்க என்ன வழி என்று பேசுவதற்காக. முந்திய நாள் ஞாயிற்றுக்கிழமை அதே நகரத்து வீதிகளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் ஊர்வலம் போனார்கள். "நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தது போதும்" என்பது அவர்களுடைய கோரிக்கை.

ஊர்வலத்துக்கும் மாநாட்டுக்கும் இடைப்பட்ட அந்தத் திங்கட்கிழமையன்று ஒரு செய்தி வெளிவந்தது. படித்தவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள்.

ராக்பெல்லர் குடும்பத்து அறக்கட்டளை ஒன்று, நிலக்கரி, எண்ணெய்க் கம்பெனிகளில் போட்டிருக்கும் பணத்தை எல்லாம் படிப்படியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறது. இதுதான் செய்தி.

யார் இந்த ராக்பெல்லர்?

உலகத்துக்கே மண்ணெண்ணெய் விற்றவர். எண்ணெய் மன்னர் என்று பெயர் எடுத்தவர். அமெரிக்காவின் பெரும் பணக்காரர் என்றால் ஒரு காலத்தில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தக் குடும்பம் எண்ணெயை வேண்டாம் என்கிறது! கள்ளுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் மதுவிலக்கு மறியலுக்குப் புறப்பட்டது போல் இருக்கிறது அல்லவா?

இந்த மாறுதல் ஒரே நாளில் வந்தது அல்ல. நூறு வருடக் கதை அது.

தினம் 50 சென்ட்

ஜான் டி. ராக்பெல்லர் 1839-ம் ஆண்டு பிறந்தார். 16 வயதில், 1855 செப்டம்பர் 26-ந் தேதி, கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் தினத்துக்கு 50 சென்ட். அதாவது அரை டாலர். அந்த நாளை அவர் சாகும் வரை மறக்கவில்லை. பிறந்த நாளைப் போல அதையும் கொண்டாடி வந்தார்.

அந்தக் காலத்திலேயே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். வரவும் செலவும் சென்ட் பிசகாமல் அதில் இருக்கும். மாதா கோவிலுக்குக் கொடுத்த சில்லறையும் இருக்கும். அரை டாலர் சம்பளக்காரர், அதிலும் தர்மத்துக்கு ஒரு பங்கு ஒதுக்கினார் என்பது அவருடைய எதிரிகளும் மறுக்காத விஷயம்.

எதிரிகள் ஏராளம். காரணம் இல்லாமல் இல்லை.

1870-ல் "ஸ்டாண்டர்டு ஆயில்" கம்பெனியைத் தொடங்கினார். பத்தே வருடத்தில் அமெரிக்காவில் சுத்திகரிக்கப்படும் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவர் கைக்கு வந்துவிட்டது. எப்படி வந்தது? ரெயில் கம்பெனிகளுடன் ரகசிய ஒப்பந்தம். மற்றவர்களுக்கு ஒரு கட்டணம், ராக்பெல்லருக்கு ஒரு கட்டணம். போட்டிக்கு நின்ற சிறு முதலாளிகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். விற்கச் சம்மதித்தவர்களை வாங்கினார். சம்மதிக்காதவர்கள் நொடித்துப் போனார்கள்.

அப்படி அடிபட்டவர்களில் ஒருவர், பென்சில்வேனியாவில் எண்ணெய்த் தொழில் செய்த டார்பெல் என்பவர். அவருடைய மகள் ஐடா டார்பெல் வளர்ந்து பத்திரிகை எழுத்தாளர் ஆனார். 1902 முதல் 1904 வரை ஒரு மாதப் பத்திரிகையில் ஸ்டாண்டர்டு ஆயிலின் கதையைத் தொடராக எழுதினார். தஸ்தாவேஜுகளைத் தோண்டி எடுத்து, சத்தம் போடாமல், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். நாடே கொதித்தது. கடைசியில் 1911-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கம்பெனியை 34 துண்டாக உடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. துண்டான பிறகு பங்குகளின் விலை ஏறியது. ராக்பெல்லர் முன்னைவிடப் பெரிய பணக்காரர் ஆகிவிட்டார்!

அந்தத் துண்டுகளில் பெரியவை இரண்டு. ஒன்று நியூஜெர்சி கம்பெனி. மற்றொன்று நியூயார்க் கம்பெனி. 1999-ல் இரண்டும் மறுபடி ஒன்று சேர்ந்தன. அதுதான் எக்சான்மொபில். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் பின்பாதி முழுவதும் இந்தக் கம்பெனிதான்.

பாவப் பணமா?

பணம் மலையாகக் குவிந்தது. ராக்பெல்லரின் தர்ம காரியங்களைக் கவனித்தவர் பிரடெரிக் கேட்ஸ் என்ற முன்னாள் பாதிரியார். அவர் முதலாளியை எச்சரித்தார். பனிமலை சரிவது போல உங்கள் செல்வம் உருண்டு வருகிறது, அது பெருகும் வேகத்தை மிஞ்சி நீங்கள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்களையும் பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் நசுக்கிவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம்.

கொடுப்பது என்று புறப்பட்டால், வாங்க எல்லோரும் தயாராக இருந்தார்களா?

1905-ல் ஒரு பெரிய சண்டை நடந்தது. பாஸ்டன் நகரத்தில் இருந்த அமெரிக்க வெளிநாட்டு மிஷன் சபைக்கு ராக்பெல்லர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியைத் தோற்றுவித்த பாதிரிமார்களை அனுப்பிய அதே சபைதான் இது. "அது பாவப் பணம். தொடக்கூடாது" என்று வாஷிங்டன் கிளாடன் என்ற பாதிரியார் எதிர்ப்புக் கிளப்பினார். நாடு முழுவதும் பத்திரிகைகளில் வாதப் பிரதிவாதம் நடந்தது. கடைசியில் ஒரு உண்மை வெளிவந்தது. ராக்பெல்லர் தானாக முன்வந்து கொடுக்கவில்லை. சபைதான் அவரிடம் போய்க் கேட்டு வாங்கியிருந்தது! எதிர்ப்பு அடங்கியது. பணம் சபையிலேயே தங்கியது.

ஆனால் கிளாடன் கேட்ட கேள்வி மட்டும் தங்கிவிட்டது. கெட்ட வழியில் வந்த பணத்தால் நல்ல காரியம் செய்யலாமா? அந்தக் குடும்பத்தை அது நூறு வருடமாகத் துரத்தி வருகிறது.

கூடாரத்தில் தீ

1913 மே மாதம் ராக்பெல்லர் அறநிலையம் உதயமாயிற்று. உலகெங்கும் மனித குலத்தின் நலனை வளர்ப்பது அதன் நோக்கம் என்று பத்திரத்தில் எழுதினார்கள். அதற்கு முன்பு அமெரிக்கப் பார்லிமெண்டில் இதற்கு அனுமதி கேட்டு மசோதா கொண்டுவந்து பார்த்தார்கள். பார்லிமெண்டு அசையவில்லை. "இந்த மனிதரிடம் இவ்வளவு அதிகாரம் போகக்கூடாது" என்ற பயம். பிறகு நியூயார்க் மாநில அரசாங்கம் அனுமதி கொடுத்தது. முதல் இரண்டு வருடத்தில் ராக்பெல்லர் அதற்குக் கொடுத்தது 10 கோடி டாலர்.

மறு வருடமே இடி விழுந்தது.

கொலராடோ மாநிலத்தில் ராக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி இருந்தது. அங்கே தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். கம்பெனி அவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது. லட்லோ என்ற இடத்தில் கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்கினார்கள். 1914 ஏப்ரல் 20-ந் தேதி பட்டாளத்தாரும் கம்பெனி காவலர்களும் கூடாரங்கள் மீது சுட்டார்கள். பிறகு கூடாரங்கள் பற்றி எரிந்தன. குண்டுக்குப் பயந்து, ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய பள்ளத்தில் தாய்மாரும் பிள்ளைகளும் ஒளிந்திருந்தார்கள். இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் புகையில் மூச்சுத் திணறிச் செத்தார்கள்.

ஒரு கை மனித குலத்தின் நலன் என்று பத்திரம் எழுதியது. இன்னொரு கையில் லட்லோ.

அடுத்த வருடம் ராக்பெல்லரின் மகன் ஜூனியர் கொலராடோவுக்குப் போனார். சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். தொழிலாளர் வீடுகளுக்குப் போனார். அதன்பிறகு அவர் வாழ்நாளின் பெரும்பகுதி தர்ம காரியங்களிலேயே கழிந்தது.

சோம்பல் புழு

அறநிலையம் செய்த நல்ல காரியங்களையும் சொல்லாமல் விடக்கூடாது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை விவசாயிகள் எப்போதும் சோர்ந்து கிடந்தார்கள். சோம்பேறிகள் என்று ஊரார் ஏசினார்கள். சோம்பல் அல்ல, கொக்கிப்புழு என்று டாக்டர்கள் கண்டார்கள். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது பாதத்தின் வழியாக உடம்புக்குள் புகும் புழு அது. குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். ராக்பெல்லர் 1909-ல் 10 லட்சம் டாலர் கொடுத்து அதை ஒழிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். மருந்து, கக்கூஸ், காலுக்குச் செருப்பு... இவ்வளவுதான் வைத்தியம்.

பிறகு அந்த இயக்கம் கடல் கடந்தது. 1916-ல் இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்த நம்மவர்களிடம் வந்தது. 1920-களில் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கல்கத்தாவில் 1932-ல் பொதுச் சுகாதாரக் கல்வி நிலையம் எழும்பியதும் இந்தப் பணத்தின் உதவியால்தான். 1960-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நெல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியதில் ராக்பெல்லர் அறநிலையத்துக்கும் பங்கு உண்டு. அங்கே பிறந்த "ஐ.ஆர்.8" நெல்லைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு அறிமுகம் செய்யத் தேவை இல்லை.

கிழவர் 1937-ல் 97 வயதில் இறந்தார். வாழ்நாளில் கொடுத்தது சுமார் 54 கோடி டாலர்.

ஐந்து சகோதரர்கள்

பெரிய அறநிலையம் நாளடைவில் குடும்பத்தின் கையைவிட்டுத் தனி நிர்வாகிகள் கைக்குப் போய்விட்டது. ஆகவே ஜூனியரின் ஐந்து பிள்ளைகள், ஜான், நெல்சன், லாரன்ஸ், வின்த்ரோப், டேவிட், 1940-ல் தங்களுக்கென்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் பெயர் "ராக்பெல்லர் சகோதரர் நிதி". 1951-ல் ஜூனியர் அதற்கு 5 கோடியே 80 லட்சம் டாலர் மூலதனம் கொடுத்தார். நிர்வாகக் குழுவில் குடும்பத்தாரும் இருக்கிறார்கள், வெளியாரும் இருக்கிறார்கள்.

இந்தச் சகோதரர் நிதியைப் பற்றி நம் நாட்டில் அதிகம் பேருக்குத் தெரியாது. ஆனால் அது உண்டாக்கிய ஒரு பரிசை எல்லோருக்கும் தெரியும். மகசேசே விருது! பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி மகசேசே 1957-ல் விமான விபத்தில் மாண்டபோது, அவர் நினைவாக இந்த விருதை ஏற்படுத்தியவர்கள் சகோதரர் நிதியின் நிர்வாகிகள்தான். மறு வருடம் முதல் விருது பெற்றவர்களில் பூதான இயக்கத்தின் வினோபா பாவே ஒருவர். 1971-ல் எம்.எஸ். சுவாமிநாதனுக்கும் 1974-ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் அந்த விருது கிடைத்தது. நிலம் இல்லாத ஏழைக்காகக் கால்நடையாக நடந்தவருக்கு, எண்ணெய் மன்னரின் பேரன்மார் உண்டாக்கிய விருது!

ஐந்தும் தொண்ணூற்றைந்தும்

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அறக்கட்டளை என்றால் உண்டியலை உடைத்துப் பணத்தை வாரி வழங்கிவிடுவது இல்லை. மூலதனத்தைப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டு வைப்பார்கள். அதில் வரும் வருமானத்தைத்தான் தர்மத்துக்குச் செலவிடுவார்கள். கோவில் நிலத்தின் குத்தகை நெல்லில் பூசை நடப்பது போல. சில அறக்கட்டளைகள் வரி கட்டாமல் பணத்தைச் சேர்த்துக்கொண்டே போனதால் அமெரிக்க அரசாங்கம் 1969-ல் ஒரு சட்டம் போட்டது. வருடந்தோறும் இவ்வளவு கொடுத்தே ஆக வேண்டும் என்றது. இப்போது அந்த அளவு, சொத்து மதிப்பில் சுமார் 5 சதவிகிதம்.

நூறு ரூபாயில் ஐந்து ரூபாய் தர்மம். மீதி 95 ரூபாய்?

அது எங்கோ ஒரு கம்பெனியில் வேலை செய்துகொண்டிருக்கிறது. எந்தக் கம்பெனி என்று வெகு காலம் யாரும் கேட்கவில்லை. ஐந்து ரூபாயில் ஆஸ்பத்திரி கட்டலாம். அதே சமயத்தில் 95 ரூபாய் நோயை உண்டாக்கும் தொழிலில் லாபம் சம்பாதிக்கலாம். இரண்டு கணக்கும் இரண்டு அறையில் எழுதப்பட்டன. கொடுக்கும் குமாஸ்தாவும் முதல் போடும் குமாஸ்தாவும் ஒருவரோடு ஒருவர் பேசுவதே இல்லை.

சகோதரர் நிதியிலும் இப்படித்தான் இருந்தது. 1980-களில் இருந்தே அந்த நிதி பருவநிலைப் பிரச்சினைக்குப் பணம் கொடுத்து வந்தது. எண்ணெயும் நிலக்கரியும் எரியும்போது கரியமில வாயு வானத்தில் சேர்ந்து பூமியைப் போர்வை போல மூடிக்கொள்கிறது. சூடு வெளியே போகாமல் தங்குகிறது. மழை தவறுகிறது, புயல் வலுக்கிறது, கடல் ஏறுகிறது. இதில் முதலில் அடிபடுகிறவன் குடிசைக்காரன். ஆகவே ஏழ்மையை ஒழிப்பதும் இதைத் தடுப்பதும் ஒரே வேலை என்று அவர்கள் கருதினார்கள். எண்ணெய்க் குழாய்களை எதிர்த்துப் போராடிய சங்கங்களுக்குக்கூட நிதி உதவி போயிற்று. ஆனால் 95 ரூபாயில் சுமார் ஏழு ரூபாய் அதே எண்ணெய், நிலக்கரிக் கம்பெனிகளில் இருந்தது!

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள். இங்கே நேர்மாறாக, தெரிந்தே தீர வேண்டியதாகிவிட்டது.

பங்குதாரர் கூட்டத்தில்

முதலில் அவர்கள் பங்குகளை விற்கவில்லை. உள்ளே இருந்து திருத்திப் பார்ப்போம் என்று நினைத்தார்கள்.

2008-ல் எக்சான்மொபில் பங்குதாரர் கூட்டம். கிழவரின் கொள்ளுப் பேத்தி நேவா குட்வின் தலைமையில் குடும்பத்தார் தீர்மானம் கொண்டுவந்தார்கள். தலைவர் பதவியும் நிர்வாக அதிகாரி பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது, கம்பெனி பருவநிலை மாற்றத்தையும் அது ஏழை நாடுகளை எப்படி வாட்டும் என்பதையும் ஆராய வேண்டும், மாற்று எரிபொருளுக்கு வழி தேட வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பத்தில் வயது வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆதரவு கொடுத்தார்கள்.

தீர்மானங்கள் தோற்றன. பதவிகளைப் பிரிக்கும் தீர்மானத்துக்கு நூற்றுக்கு நாற்பது அளவுக்குத்தான் ஓட்டு விழுந்தது. கொள்ளுத் தாத்தா தொடங்கிய கம்பெனி, கொள்ளுப் பேத்தியின் சொல்லைக் கேட்கவில்லை.

அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் 2014 செப்டம்பர் அறிவிப்பு வந்தது. அப்போது சகோதரர் நிதியின் சொத்து 86 கோடி டாலர். நிர்வாகக் குழுவின் தலைவி வாலெரி ராக்பெல்லர். கிழவரின் எள்ளுப் பேத்தி. நிதியின் தலைமை நிர்வாகி ஸ்டீபன் ஹெயின்ட்ஸ். "ராக்பெல்லர் கெட்டிக்கார வியாபாரி. எதிர்காலத்தைப் பார்க்கிறவர். இன்று உயிரோடு இருந்தால் அவரே எண்ணெயை விட்டுவிட்டுச் சூரிய சக்தி போன்றவற்றில் முதல் போடுவார்" என்ற பொருளில் ஹெயின்ட்ஸ் பேசினார்.

கிழவர் அப்படிச் செய்திருப்பாரா என்பது சந்தேகம்தான். ஆனால் வியாபாரம் விழும் முன் வெளியேறத் தெரிந்தவர் அவர் என்பதில் சந்தேகம் இல்லை.

சொன்ன மாத்திரத்தில் பணத்தை எடுத்துவிட முடியவில்லை. பலருடைய பணத்தோடு கலந்து கிடந்த பணம் அது. எந்த ரூபாய் எந்தக் கம்பெனியில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. முதலில் நிலக்கரியும் தார் மணலும். பிறகு மற்ற எண்ணெய். சில வருடங்களில் மொத்தமும் ஒரு சதவிகிதத்துக்குக் கீழே இறங்கியது.

"விற்றால் நஷ்டம் வரும். தர்மத்துக்குப் பணம் இல்லாமல் போகும்" என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. நஷ்டம் வரவில்லை. எண்ணெயை விட்ட ஐந்து வருடங்களில், ஒப்புக்கு வைத்துப் பார்க்கும் சந்தைக் கணக்கைவிடத் தங்களுக்கு அதிக லாபமே கிடைத்தது என்று 2020-ல் நிதி அறிக்கை வெளியிட்டது. சொத்து 100 கோடி டாலரைத் தாண்டியது.

"சதி!"

குடும்பத்துக்கு இன்னொரு சிறிய நிதியும் உண்டு. 1967-ல் தொடங்கிய "ராக்பெல்லர் குடும்ப நிதி". அது இன்னும் ஒரு படி மேலே போயிற்று.

பூமி சூடேறும் விஷயம் எக்சானுக்கு எப்போது தெரியும்? இந்தக் கேள்வியைப் பத்திரிகையாளர்கள் ஆராய்ந்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ராக்பெல்லர் நிதிகளும் இருந்தன. 2015-ல் கட்டுரைகள் வெளிவந்தன. கம்பெனியின் சொந்த விஞ்ஞானி 1977-லேயே மேலதிகாரிகளிடம் ஆபத்தை எடுத்துச் சொல்லியிருக்கிறார்! அதன் பிறகும் கம்பெனி வெகு காலம் மக்கள் மனதில் சந்தேகத்தை விதைத்து வந்தது என்பது கட்டுரைகளின் குற்றச்சாட்டு. கம்பெனி அதை மறுத்தது.

2016 மார்ச் மாதம் குடும்ப நிதி தன்னிடம் இருந்த எக்சான் பங்குகளை விற்கப் போவதாக அறிவித்தது. கம்பெனியின் நடத்தை தர்மத்துக்கு விரோதமானது என்று வெளிப்படையாகக் கண்டித்தது. அப்போது நிதியின் தலைவர் டேவிட் கைசர். நேவா குட்வினின் மகன். அம்மா உள்ளே இருந்து கேட்டுப் பார்த்தார். மகன் வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

எக்சான் சும்மா இருக்கவில்லை. "எங்களுக்கு எதிரான சதிக்கு அவர்கள்தான் பணம் கொடுக்கிறார்கள். பங்கை விற்பதில் என்ன ஆச்சரியம்?" என்று பதில் கொடுத்தது. குடும்பத்துக்குள்ளேயும் முணுமுணுப்பு எழுந்தது. பெரியவர்கள் தேடிய பெயரை இப்படித் தூற்றுவதா என்று வாரிசு ஒருவரே டெலிவிஷனில் ஆட்சேபித்தார். நியூயார்க் மாநில அரசாங்கம் எக்சான் மீது தொடுத்த வழக்கிலும் 2019-ல் எக்சானே ஜெயித்தது.

சண்டை அத்தோடு நிற்கவில்லை. 2020 ஜனவரியில் வாலெரி ராக்பெல்லரும் இன்னும் இரண்டு வாரிசுகளும் சேர்ந்து பாங்கிகள் பக்கம் திரும்பினார்கள். எண்ணெய்க் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்காதே என்று வற்புறுத்த ஒரு இயக்கம் கண்டார்கள். அவர்கள் முதலில் குறி வைத்த பாங்கி எது தெரியுமா? சேஸ் பாங்கி. ஐந்து சகோதரர்களில் கடைசியான டேவிட் ராக்பெல்லர் பல வருடம் தலைவராக இருந்த அதே பாங்கி!

ஆறு நாள் லாபம்

இதனால் எல்லாம் எக்சானுக்கு என்ன நஷ்டம்?

நேர்மையாகச் சொன்னால், பணக் கணக்கில் ஒன்றும் இல்லை. ஒருவர் விற்ற பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். 2022-ம் ஆண்டில் எக்சான்மொபில் சம்பாதித்த லாபம் 5,570 கோடி டாலர். 2014-ல் சகோதரர் நிதியிடம் இருந்த முழுச் சொத்தும் அந்தக் கம்பெனியின் ஆறு நாள் லாபத்துக்குக் கூடக் காணாது. யானை மேல் ஈ உட்கார்ந்த கதை.

ஆனால் ராக்பெல்லர் என்ற பெயருக்கு ஒரு எடை இருக்கிறது. எண்ணெயால் வாழ்ந்த குடும்பமே எண்ணெயை விட்டுவிட்டதா என்று மற்றவர்கள் யோசித்தார்கள். பல்கலைக் கழகங்கள், மாதா கோவில்கள், ஓய்வூதிய நிதிகள் என்று உலகெங்கும் 1,500-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்கள் ஏதாவது ஒரு அளவில் அதே வழியில் போயிருக்கின்றன. கிழவர் நிறுவிய பெரிய அறநிலையமே 2020 டிசம்பரில் அந்த வரிசையில் சேர்ந்தது. அப்போது அதன் சொத்து 500 கோடி டாலர்.

பீகாரில் விளக்கு

அந்தப் பெரிய அறநிலையத்தின் பணம் நம் நாட்டுக்குள்ளும் வருகிறது. 2015-ல் 7 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கி, பீகார், உத்தரப் பிரதேசம் போன்ற மாநிலங்களின் கிராமங்களில் மின்சார வேலையைத் தொடங்கினார்கள்.

அங்கே பல கிராமங்களில் கம்பி இருந்தது, மின்சாரம் இல்லை. பொழுது சாய்ந்தால் கடைத்தெருவில் டீசல் எஞ்சின் புகை கக்கும். ஆளுக்கு ஒரு பல்பு, அதற்கு ஒரு வாடகை. வீடுகளில் சிம்னி விளக்கு. அதற்கு மண்ணெண்ணெய். பிள்ளைகள் அந்தப் புகையில்தான் பாடம் படித்தார்கள்.

ஊர் ஓரத்தில் சூரிய ஒளித் தகடுகளை நிறுத்தினார்கள். பாட்டரிகளை வைத்து, அங்கிருந்து கடைகளுக்கும் வீடுகளுக்கும் கம்பி இழுத்தார்கள். இலவசம் இல்லை. பயன்படுத்துகிறவர்கள் பணம் கட்ட வேண்டும். இனாமாகக் கொடுத்தால் பழுது பார்க்க ஆள் இருக்காது என்பது அவர்கள் வாதம். மாவு மில்லும் தையல் இயந்திரமும் ஓடினால்தான் ஊரில் காசு புழங்கும், காசு புழங்கினால்தான் மின்சாரக் கட்டணம் வசூலாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு எல்லா இடத்திலும் பலிக்கவில்லை. அரசாங்க மின்சாரம் வந்ததும், அதன் மலிவான கட்டணத்துக்கு முன்னால் இதற்கு என்ன எதிர்காலம் என்ற கேள்வி எழுந்தது. அரசாங்க மின்சாரம் அடிக்கடி நின்று போகும் ஊர்களில் கடைக்காரர்கள் இதை விடாமல் வைத்துக்கொண்டார்கள். 2019-ல் டாட்டா மின்சாரக் கம்பெனியுடன் சேர்ந்து 10,000 ஊர்களில் இப்படி அமைப்போம் என்று அறிவித்தார்கள். எட்டியது அதில் ஒரு சிறு பங்குதான். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டின்போது வேறு இரண்டு பெரிய தர்ம நிதிகளுடன் சேர்ந்து 150 கோடி டாலர் போட்டு, ஏழை நாடுகளுக்கு இந்த வேலையை விரித்திருக்கிறார்கள்.

ஒரு கிராமத்துக்கு விளக்கு போட யார் பணம் கொடுப்பது, எந்தக் கிராமத்துக்குப் போடுவது என்பதை நியூயார்க்கில் உட்கார்ந்து சிலர் முடிவு செய்யலாமா? ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லவே அவர்கள்? 1910-ல் அமெரிக்கப் பார்லிமெண்டில் கேட்ட கேள்விதான் இது. இன்றும் கேட்கப்படுகிறது. கேட்க வேண்டியதும்தான்.

ஆரஞ்சு வீடு

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் நதியைப் பார்த்தபடி ஒரு குன்று. அதன் மேல் கிழவர் கட்டிய மாளிகை நிற்கிறது. நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தது. இப்போது அது பொது மக்கள் பார்க்கும் இடம். அந்த எஸ்டேட்டை நிர்வகிப்பது சகோதரர் நிதி.

மாளிகைத் தோட்டத்தில் 1908-ல் ஒரு நீண்ட கட்டிடம் எழுப்பினார்கள். பிரெஞ்சு அரண்மனையில் இருப்பது போன்ற ஆரஞ்சு வீடு. பனிக்காலத்தில் ஆரஞ்சு மரங்கள் குளிரில் வாடாமல் இருக்க, தொட்டிகளோடு தூக்கி வந்து அதற்குள் வைப்பார்கள். உலகமெல்லாம் விற்ற மண்ணெண்ணெயில் வந்த செல்வம், மரத்துக்கும் ஒரு மாளிகை கட்டிக் கொடுத்தது.

இப்போது அங்கே ஆரஞ்சு மரங்கள் இல்லை. 2022-ல் அதைக் கலைக்கூடமாக மாற்றித் திறந்தார்கள். பாட்டு, நாட்டியம், நாடகம் நடக்கிறது. கட்டிடத்துக்கு டேவிட் ராக்பெல்லரின் பெயர்.

அங்கே விளக்கு எரிய எவ்வளவு மின்சாரம் வேண்டுமோ, அவ்வளவையும் எஸ்டேட்டிலேயே நிறுத்தியிருக்கும் சூரிய ஒளித் தகடுகள் கொடுக்கின்றன.